நூற்றுப் பதினெட்டு நாள்

நெப்ராஸ்காவின் யார்க் பக்கம்
எல்லோர் வயலும் மொட்டையாயிற்று.
குபிசெக் வயல் மட்டும்
நெடுஞ்சாலையோரம் இரவெல்லாம் சலசலக்கிறது.

மாட்டுக்குப் போகிற மஞ்சள் இல்லை.
மனிதர் பல்லுக்கென்றே பிறந்த வெள்ளை மக்காச்சோளம்.
நூற்றுப் பதினெட்டு நாள் கேட்கும்;
இந்த வருஷம் மே மழையில்
விதைப்பே பத்து நாள் தள்ளிப்போனது.

செப்டம்பரில் ஒரு கதிரை ஒடித்து வந்து
என் மேசையில் போட்டார்.
முத்தின் அடியை நகத்தால் கீறினேன்.
கருப்பு இன்னும் விழவில்லை.
"பால் இருக்கு" என்றேன்.
"பனியும் இருக்கு" என்றார், வானொலியைக் காட்டி.

உலர்த்தியில் கொட்டினால் ஒரே ராத்திரி.
ஆனால் சூட்டில் முத்து உள்ளுக்குள் விரியும்.
விரிந்தது சுண்ணாம்பு நீரில் கூழாகும்,
ரொட்டிக்கு ஆகாது.
அவருக்கும் தெரியும்.
வங்கி வட்டியும் தெரியும்.

தேவாலய வாசலில் டார்லீன் கேட்டாளாம்:
"என்ன, கிறிஸ்துமஸ் மரமா வளர்க்கிறாய்?"

நவம்பர் ஒன்பது. லாரி வந்தது.
ஈரம் பதினைந்தரை.
நூறு முத்து எண்ணி
கண்ணாடிப் பலகையில் பரப்பி
அடியில் விளக்கைப் போட்டேன்.
மூன்றில் மட்டும் மயிரிழைக் கோடு.
மற்றதெல்லாம்
விடியப்போகும் ஜன்னல் நிறம்.

தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.
"மூணு" என்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பலகையிலிருந்து ஒன்றை எடுத்து
வாயில் போட்டுக் கடித்தார்.
கடக்.

பின்னால் அடுத்த லாரி ஹார்ன் அடித்தது.
கண்ணாடியில் இப்போது தொண்ணூற்றொன்பது.
சீட்டில்
நூறென்றே எழுதினேன்.