நாற்பத்தொரு கிலோ

பள்ளத்தூர்ப் பலகாரக் கூடத்தில்
எனக்கு எடை போடும் வேலை.
சீப்புச்சீடை அரைக் கிலோ, மணகோலம் கால் கிலோ,
சிங்கப்பூருக்குப் போகும் கைமுறுக்கு
ஒடியாமல் இரண்டு கிலோ.
ஐந்து கிராம் கூடினால் ஒரு சீடையை எடுத்துவிடுவேன்,
குறைந்தால் ஒன்று போடுவேன்.
தராசு என் சொல் கேட்கும்.

சௌபர்ணிகாவுக்கு ஒன்பது வயது.
போன ஆடியில் இருபத்தாறு.
இந்த ஆடியில் நாற்பத்தொன்று.

முதல் வலிப்பு டவுன் பஸ்ஸில் வந்தது.
யாரோ கையில் சாவியைத் திணித்தார்கள்,
யாரோ தண்ணீர் என்றார்கள்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்து
ஊதாமல் நின்றார்.
அவள் செருப்பு ஒன்று
இன்னும் அந்த பஸ்ஸில்தான் போய்வருகிறது.

மாத்திரை கேட்கிறது.
பதினோரு மாதமாக ஒன்றும் இல்லை.
இதை நான் சத்தமாகச் சொல்வதில்லை,
காலண்டரில்கூடக் குறிப்பதில்லை.

ஆனால் அந்த மாத்திரைக்குள்
இன்னொரு வயிறு இருக்கிறது.
சோறு, பிறகும் சோறு,
ராத்திரி இரண்டு மணிக்கு
"அம்மா, முழிச்சிருக்கியா? பசிக்குது."
தலையணை உறைக்குள் முறுக்குத் தூள்.
எறும்புகள் காட்டிக்கொடுத்தன.
அடித்தேன், ஒரே ஒரு அடி.
அந்த அடியால் வந்துவிடுமோ என்று
விடியும்வரை அவள் கையைப் பிடித்திருந்தேன்.

யூனிஃபார்ம் பாவாடையை மூன்று முறை பிரித்துத் தைத்த கஃபூர் பாய்
"இனிமே பிரிக்க உள்ள துணி இல்லம்மா" என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்.

கழுத்தின் பின்னால் கறுப்பு.
பயத்தமாவு போட்டேன், எலுமிச்சை போட்டேன்,
கடைசியில் தேங்காய் நார்.
"எரியுதும்மா."
"அழுக்குடி, சும்மா நில்லு."

மதுரை டாக்டரம்மா அங்கே விரல் வைத்துப் பார்த்தார்.
"இது அழுக்கு இல்லை.
உடம்பு சர்க்கரையோடு மல்லுக்கட்டுது.
ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."
நான் சௌபர்ணிகாவைப் பார்க்கவில்லை.
அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடைக்குத் தகுந்த மருந்தாம்.
எடை கூடினால் மருந்து கூடும்,
மருந்து கூடினால் எடை.
இரண்டு தட்டிலும் என் பிள்ளையே உட்கார்ந்திருக்கும் தராசை
நான் இதுவரை பார்த்ததில்லை.

மாற்றலாமா என்று கேட்டேன்.
மாற்றலாம், மெதுவாக.
மாற்றும்போது திரும்ப வரலாம்.
அந்த 'வரலாம்' மட்டும்
மேலூர், திருப்பத்தூர் தாண்டி
காரைக்குடி வரைக்கும் என் மடியில் இருந்தது.
அவள் ஜன்னலோரம் தூங்கினாள்.

சனிக்கிழமை கூடத்துக்குக் கூட்டிவந்தேன்.
"நம்ம பலகாரமெல்லாம் இவ உடம்புக்குத்தான் போகுதாடி?"
என்றாள் முதலாளி உண்ணாமலை ஆச்சி.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் பேசாமல் போய்
மாவு மூட்டைத் தராசில் ஏறி நின்றாள்.
"நாப்பத்தொண்ணு. சீப்புச்சீடை கிலோ என்னம்மா?"
"நானூறு."
கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.
"அப்ப நான் பதினாறாயிரத்து நானூறு ரூபா."

மருந்தில் மூளை மந்தமாகும் என்று
பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.
கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

இறங்கி வந்து என் காதில் கேட்டாள்:
"அவ்வளவு காசுக்கு
ஒரு முறுக்கு தருவாங்களா?"

ஒடிந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன்.
பாதியாக ஒடித்தேன்.
கொஞ்சம் நின்று,
அதிலும் பாதி.