வலது கீழ் மூலையில் மஞ்சள்

ஓசூர், பாகலூர் சாலை.
குளியலறைச் சாமான் கடைக்கு மேல் மாடி.
செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.
"வேண்டாம் சார், அப்படியே வாங்க"
என்றார் நளினா ரெட்டி.
கோயிலில்லை, கடைதான்.
இருந்தும் இருவரும் தணிந்த குரலில்தான் பேசினோம்.

முதல் அறையில் குதிரைகள்,
எந்த வரவேற்பறைக்கும் பொருந்தும் அளவில்.
இரண்டாவதில் வெண்கல ஆடு ஒன்று.
விலை கேட்டேன்.
போச்சம்பள்ளிச் சந்தையில் அந்தக் காசுக்கு
நாற்பது ஆடு பிடிக்கலாம்.
அவை கத்தவும் செய்யும்.

மூன்றாவது அறையில்
அது.

மதகு மூடிய அணை.
நீலம் என்று சொல்லிவிட முடியாது,
இருட்டுவதற்குச் சற்று முன்பான ஏதோ ஒன்று.
மேலே குடையோடு ஓர் ஆள், முகம் வைக்கவில்லை.
மாதேஷ் வரைந்தது.
நான் வாங்கிய நாளில் அவன்
காவேரிப்பட்டணத்தில் பஸ்ஸுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.
இன்று அந்தப் பெயரைச் சொல்ல
நளினா கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறார்.

பக்கத்தில் சின்ன அட்டை:
'முன்பு – தனியார் சேகரிப்பு, கிருஷ்ணகிரி.'
தனியார் என்பது நான்.
சேகரிப்பு என்பது
சாப்பாட்டு மேசைக்கு மேல் அடித்திருந்த ஓர் ஆணி.
ஏற்றுமதிக்குப் போன மாங்கூழ்
கப்பலேறாமல் திரும்பி வந்த ஆடி மாதம்,
பேங்க் நோட்டீஸ் வந்த மறுவாரம்,
பெங்களூர்த் தரகன் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துப் போனான்.
ஆணியைப் பிடுங்கவில்லை.
இப்போது அதில் காலண்டர்.

"இந்த மூலையைப் பாருங்க சார்,
அத்தனை நீலத்துக்கும் பிறகு
போகிற போக்கில் ஒரு மஞ்சள்.
என்ன துணிச்சல்!"

துணிச்சல்தான்.
பெங்களூரா ரகம்,
ருசி பார்க்க ஆலையிலிருந்து கொண்டுவந்த டின்,
நாலு வயது இதழினி, கையில் கரண்டி.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
அன்றுதான் அவளை முதலில் அடித்தேன்,
ஒன்றரை லட்சம் ஒன்றரை லட்சம் என்று
எண்ணி எண்ணி.

இன்றைய விலை ஒன்பது.
"சேகரிக்கிறவங்களுக்குப் பத்து சதம் குறைப்போம்" என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
பின்னால் நின்ற இளம் தம்பதி
சரி என்றார்கள்.
அட்டையில் சிவப்புப் பொட்டு ஏறியது.

அந்தப் பெண் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மேற்கு வெயில் படுற சுவர்ல மாட்டாதீங்க,
நீலம் வெளுத்துடும்" என்றேன்.
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"யாரோ சொன்னாங்க."
"இந்த மஞ்சள்?"
"அது வெளுக்காதும்மா."

இறங்கும் முன் இரண்டாவது அறைக்குப் போய்
ஆட்டுக்குக் குறைத்துக் கேட்டேன்.
தரமாட்டார் என்று தெரியும்.
கொஞ்ச நேரம்
அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.
தொடக் கூடாதென்று
அங்கேயும் எழுதித்தான் இருந்தது.