ரோசாக்

பந்தாய் டாலாம் ப்ளாட், பதினோராவது மாடி.
லிஃப்ட் கதவில் மூன்று வாரமாய்
"ரோசாக்" என்றொரு காகிதம். பழுதாம்.

ஆஸ்பத்திரியில் பிசியோ பெண் ஹஸ்லிண்டா
சொன்னதும் லிஃப்ட் பற்றித்தான்:
"மூத்திரத்தை அடக்குவோமே, அந்தச் சதை.
கீழ்த்தளத்திலிருந்து மெல்ல மேலே இழுங்கள் அக்கா,
முதல் மாடி, இரண்டு, மூன்று. அங்கேயே நிறுத்துங்கள்.
சட்டென்று விடாமல் இறக்குங்கள்.
மூச்சு ஓடட்டும். தொடை சும்மா கிடக்கட்டும்."

எங்கள் ப்ளாட்டை நினைத்துச் சிரித்துவிட்டேன்.
சிரித்ததும் என்ன ஆகுமோ
அதற்காகத்தானே வந்திருந்தேன்.

மூன்று பிள்ளைகள். கடைசியவன் நாலரைக் கிலோ.
அப்புறம் பதினாறு வருடம்
தும்மல் வருமுன் காலைப் பின்னிக்கொண்டேன்.
கறுப்புச் சிலுவார் மட்டுமே வாங்கினேன்.
நாத்தனார் புனிதமலர் அடிக்கும் பகடிக்கு
உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தேன்.
திமிர் பிடித்தவள் என்றார்கள்.
இருக்கட்டும்,
ஈரத்துக்குத் திமிர் மேல்.

இப்போது யாரும் அறியாமல் ஏற்றி இறக்குகிறேன்.
எல்ஆர்டியில் கம்பியைப் பிடித்தபடி பத்து.
மிஸ்டர் லோ கணக்குக் கேட்டுக் கத்துகையில்
எட்டுதான் முடிந்தது,
அதற்குள் அவருக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பதின்மூன்றாவது வாரம்.
ஐந்து கிலோ அரிசியோடு படியேறுகிறேன்.
ஆறாவது மாடியில் யாரோ
சம்பல் வதக்கும் நெடி.

தும்மினேன்.
சுவரைப் பிடித்து நின்று பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

மறுபடி தும்மினேன்.
ஒரு துளி.

ஒரே துளி.
அரிசியை இடுப்பு மாற்றிக்கொண்டு
ஏழாவது மாடிக்குக் கால் வைத்தேன்.