கயிற்றுப் பக்கம்

பெப்ரவரி மூன்று, இரவு.
தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே என் தையற்கடை.
தோட்டப் பள்ளிக்கூடத்துக் கொடி வந்திருக்கிறது,
விடிந்தால் ஏற்ற வேண்டும்.

சிங்கத்துக்கு ஒன்றுமில்லை.
வாளிலும் ஒரு நூல் பிரியவில்லை.
மூலைக்கொன்றாய் நான்கு அரச இலை.
கொழுந்தெடுத்த கை,
இலை கண்டால் எண்ணாமல் விடாது.

கிழிசல் கயிற்றுப் பக்கம்.
முதலில் பச்சை, அடுத்தது செம்மஞ்சள்.
தமிழருக்கென்று ஐம்பத்தொன்றில் வைத்த நிறமாம்.
அதற்கு முன்பே
வாக்காளர் இடாப்பில்
மாமனார் வீரமலையின் பெயர் இல்லை.
எங்களுக்கு முந்தி
நிறத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது.

பச்சைக்கு நவ்பர் நானா
கடையடைக்கும் நேரத்தில் அரை யார் வெட்டித் தந்தார்,
காசு வாங்கவில்லை.
செம்மஞ்சள் எங்கும் இல்லை.
பிலோமினாவின் ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டு,
கொஞ்சம் சிவப்புக் கூடுதல்.
மலையில் பனி இறங்கினால் யாருக்குத் தெரியும்?

காற்று விளையாடுவது வால் பக்கத்தில்.
கம்பத்தில் இழுபடுவது இந்தப் பக்கம்.
சிங்கம் பார்த்துக்கொண்டு நிற்பதும்
இந்தப் பக்கத்தைத்தான்,
வாளோடு.
இரட்டைத் தையல் போட்டேன்.

காலையில் அதிபர் கேட்டார்,
பில்லில் என்ன எழுத?

இரண்டு கோடு, பழுதுபார்த்தது.
முந்நூற்றைம்பது ரூபாய்.