நாலரை மீட்டர் பாய்

இந்தப் பலகை கடலுக்குச் செய்தது.
கானாடுகாத்தான் கண்மாயில்
தை மாதக் காற்று
கொடியில் காயும் துண்டைக்கூட
முழுசாய்த் தூக்காது.

ஏழு மீட்டர் பாயை
பீர்முகமது கடையில் வெட்டக் கொடுத்தேன்.
"பந்தல் துணியா?" என்றார்.
நாலரை ஆக்கி, ஓரத்தில்
சாக்கு தைக்கும் நூலால் இரட்டைத் தையல்.
மிச்சத்தில் அவர் ஸ்கூட்டருக்கு ஓர் உறை.

வேகம் குறையும். குறையட்டும்.
விழுந்த பாயைத்
தூக்க முடிய வேண்டும், அதுதான் கணக்கு.

அடிச்சிறகை ஒரு சாணாக அறுத்தேன்,
சேற்றில் குத்தி நிற்காமலிருக்க.
இனிப் பக்கவாட்டில் நழுவும்;
அதற்குக் கயிறு இருக்கிறது,
மறுமுனை கருவேல மரத்தில்.
பலகையின் இரு பக்கமும்
காலி தண்ணீர் கேன்கள்.
கால் வைக்கும் இடத்தில்
"நல்வரவு" என்று எழுதிய மிதியடி.

முதல் ஆள் உமையாள்,
கூட்டுறவு வங்கிக் காசாளர்.
ஒன்பது முறை விழுந்தார்.
ஒவ்வொரு முறையும் பாய்
ஊறிய ஜமுக்காளமாய் மேலே வந்தது.
பத்தாம் முறை நின்றார்.
காற்று நின்றுவிட்டது.
இருபது நிமிடம்
பாயைப் பிடித்தபடி,
சில்லறை இல்லாத வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல்
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கலுங்குப் பக்கமிருந்து ஏதோ வந்தது.
காற்று என்று சொல்ல மாட்டேன்.
பலகை நகர்ந்தது.
பக்கத்துக் கொக்கு பறக்கவில்லை,
அத்தனை மெதுவாய்.

"எப்படி நிறுத்துறது?" என்று கத்தினார்.
அதைச் சொல்லித்தர மறந்திருந்தேன்.
"கையை விட்டுடுங்க!"

"போங்க சார்,
இப்பத்தானே பிடிச்சேன்."