வேணும், வேணாம்

துக்கும் கப்பல் பழுதுத் துறையில், செவ்வாய் இரவு,
மூன்றாம் கிரேனின் கூண்டிலிருந்து இருதயராஜ் கேட்டார்:
"இறக்கவா?"
கீழே பீர்கண்ணு சொன்னது, "இன்னும் வேணாம்."
மேலே போய்ச் சேர்ந்தது, "இன்னும் வே... ம்."
நடுவில் விழுந்தது ஓர் எழுத்து.
ணுவா, ணாவா?

ஊகிக்க மாட்டேன் என்றுவிட்டார் இருதயராஜ்.
பீர்கண்ணு நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிவந்து
மூச்சிரைக்க "ணா" என்று சொல்லும்வரை
பதினோரு டன் சுக்கான் தகடு
காற்றில் தொங்கியது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.
வேகமான லைன் வாங்கலாம் என்றார் வஜீஹ் சார்.
வேகம் இல்லை சார், குரல் ரொம்பச் சிறிசு.
ஒரு நொடியை ஐம்பதாக நறுக்கி
ஐம்பது பொட்டலமாக அனுப்புகிறது போன்,
ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை.
அதற்கு முன்னால் நிற்பது யார் என்று பார்க்கணும்.

பார்த்தேன்.
நாற்பத்தியொரு கேமராக்கள்
ஆளில்லா மதிலையும் நாய் படுத்திருக்கும் கேட்டையும்
அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து
அதே சுவிட்சின் வாயில் கொட்டுகின்றன.
தண்ணி லாரிகளுக்குப் பின்னால்
டம்ளரோடு நிற்கிறான் ஒருவன்.

எனக்கு அந்த நிற்றல் தெரியும்.
மெடிக்கலுக்கு, முத்திரைக்கு, விரல்ரேகைக்கு;
எப்போதும் எனக்கு முன்னால்
யாரோ ஒருத்தரின் ஃபைல் நகரும்.
ஆகவே கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தோடுதான்
குரல் பொட்டலங்களின் நெற்றியில்
நாற்பத்தாறு என்று எழுதினேன்.
இந்த எண்ணைக் கண்டால் வழி விடு என்று
சுவிட்சு சுவிட்சாகச் சொல்லிவைத்தேன்.
கேமராக்களுக்குத் தனிப் பாதை.

அப்படியும் நூற்றில் மூன்று தொலைந்தது.
வியாழன் முழுக்கத் தேடினேன்.
கிரேனின் காலடியில்
உப்புக்காற்று தின்ற ஒரு பிளக், பச்சையாகப் பூத்திருந்தது.
எட்டுக் கம்பியில் ஒன்று தொட்டும் தொடாமலும்.
வெட்டி எறிந்தேன்.

இனி காத்திருப்பு.
எனக்கு முன் வேலைபார்த்த யாரோ
பிந்திவரும் பொட்டலங்களுக்கு இரக்கப்பட்டு
இருநூறு மில்லிநொடி ஒதுக்கியிருந்தான்.
அவன் இரக்கத்தில்தான் இருவரும்
ஒரே நேரத்தில் பேசி,
ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்க" என்று
ஒரே நேரத்தில் வாய்மூடிக்கொண்டார்கள்.
அறுபதாக்கினேன்.
அதற்கும் பிந்தி வருவதை
எந்திரம் தயங்காமல் எறிந்துவிடும்.
பிந்திய சொல்லுக்கு ஒரு பொட்டு ஓட்டை மேல்.

இரவு பதினொன்றுக்குச் சோதனை.
தாமதம் எண்பதுக்குள். இழப்பு சுழியம்.
கூண்டின் ஏசி முனகுவது கேட்டது.
இருதயராஜ் எச்சில் விழுங்குவது கேட்டது.
"இப்போ கேக்குதா?"
"சுத்தமா கேக்குது அண்ணே."
"விட்டுவிட்டு இல்லியே?"
"பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."
"அப்போ, அந்த முப்பது ரியால்."

பிப்ரவரியிலிருந்து ஐந்து முறை
இதே லைனில், இதே பேச்சில்,
"ஒண்ணுமே கேக்கல" என்று
போனை வைத்தவன் நான்.

கையில் வெட்டிய பிளக்கின் பச்சை
இன்னும் ஒட்டியிருந்தது.
"இப்பவே வேணுமா அண்ணே?"

"வேணும்டே."

ணு
எங்கேயும் விழவில்லை.