நூற்றுத் தொண்ணூற்றாறு

பதினான்காவது கொண்டை ஊசியில்
வண்டி ஒருமுறை இருமியது.
ஸ்பீடோமீட்டருக்குக் கீழே
ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி என்ஜின்
விட்டுவிட்டுக் கண்ணடித்தது.
பின்னால் ஏற்காடு பஸ்ஸின் ஹாரன்.
அழாத குறையாக மேலே போய்
அரை டம்ளர் காப்பி குடித்து
பிரேக் தீய்ந்த வாசனையோடு சேலம் இறங்கினேன்.

"சென்சார் கோளாறு கண்ணு, ஒண்ணுமில்ல.
கறுப்பு டேப்பு ஒட்டி உட்ரு"
என்றார் பச்சியண்ணன்.
போன மாசம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து
இந்த வண்டியை என் கையில் கொடுத்தவர்.
பழத்துக்குத் தனியாக நாற்பது ரூபாய் வாங்கியவர்.

நான் ஜவ்வரிசி மில்லில்
ஈரப்பதம் பார்க்கிறவள்.
வெள்ளையாகத் தெரிவதை எல்லாம்
காய்ந்தது என்று எழுதினால்
மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும்,
பிறகு என் கையெழுத்தைத்தான் தேடுவார்கள்.

ஞாயிறு காலை. அழகாபுரம். காம்பவுண்டுக்குள்
மோட்டார் ஓடி மேல்தொட்டி வழிந்துகொண்டிருந்தது.
ஸ்டியரிங்குக்கு அடியில், முழங்கால் இடிக்கும் இடத்தில்,
பதினாறு ஓட்டையோடு ஒரு வாய்.
தீப்பெட்டி அளவுக் கருவி, எழுநூற்றைம்பது ரூபாய்,
அதில் செருகிச் சாவியைத் திருப்பினேன்.
போனில் வந்தது:

பி பூஜ்யம் மூன்று பூஜ்யம் மூன்று.

மூன்றாவது சிலிண்டர்
சில சமயம் எரிய மறுக்கிறது.
அவ்வளவுதான் சொன்னது.
ஏன் என்று சொல்லவில்லை,
யார் மேலும் பழி போடவில்லை.

பக்கத்திலேயே 'அழி' என்றொரு பொத்தான்.
கட்டைவிரல் அதன் மேல் போய் நின்றது.
அப்போதுதான் கீழே அந்த வரி:
கடைசியாக அழித்த பிறகு ஓடிய தூரம்
நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர்.

வாங்கிய அன்றைய மீட்டரை
காலண்டர் ஓரத்தில் எழுதியிருந்தேன்.
எழுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது.
இப்போது எழுபத்தோராயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு.
கழித்துப் பார்த்தேன்.
பேப்பரில் இன்னொரு முறை கழித்தேன்.

எலுமிச்சம்பழம் வாங்கப் போன வழியில்தான்
அழித்திருக்க வேண்டும்.
மில்லுக்கும் வீட்டுக்கும் சமதரையில் ஓடியவரை
அது வாயைத் திறக்கவில்லை.
மலைதான் கேட்டு வாங்கியது.

மூட்டை பொய்யா, தராசு பொய்யா?
சந்தேகம் வந்தால் மூட்டையைத் தூக்கி
அடுத்த தராசில் வைப்போம்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், வாயில் கவ்விய டார்ச்.
மூன்றின் காயிலை இரண்டுக்கும்
இரண்டின் காயிலை மூன்றுக்கும் மாற்றி
போல்ட்டு ஒன்றைத் தொலைத்து
அரை மணி நேரம் தேடி, என் செருப்புக்கடியில் கண்டெடுத்து,
பிறகு அந்தப் பொத்தானை அமுக்கினேன்.
மறைக்க அல்ல.
திரும்பக் கேட்க.

கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
நான்காவது வளைவில் அதே இருமல், அதே ஆரஞ்சு.
ஓரங்கட்டிப் பார்த்தேன்:
பி பூஜ்யம் மூன்று பூஜ்யம் இரண்டு.
குற்றம் காயிலோடு வீடு மாறியிருந்தது.
ஒரு குரங்கு பானெட்டில் ஏறி உட்கார்ந்து
என் சிரிப்பைச் சந்தேகமாகப் பார்த்தது.

பச்சியண்ணனைக் கூப்பிட்டேன்.
"அண்ணா, நூற்றுத் தொண்ணூற்றாறு" என்றேன்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவின் சத்தம் மட்டும்.
பிறகு, "காயில் எவ்ளோம்மா?"

நாலு ரோடு கடையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
அவர் பாதியாக ஜிபேயில் தொள்ளாயிரம் வந்தது.
இருபத்தைந்தை ரவுண்டாக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி மலை.
பதினான்கு. ஒன்றுமில்லை.
பதினேழில் சில்லென்று காற்று, சில்வர் ஓக் இலைகள்.
இருபது.
விளக்கு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சிறு இருட்டு.
டேப் ஒட்டியிருந்தாலும்
அப்படித்தான் இருந்திருக்கும்.

விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.
வெறும் கண்ணாடி.
மூன்றாம் கியருக்கு மாற்றினேன்.